கிரேனுக்குக் காட்டிய கை

என் தம்பி செத்ததற்கு ஒரு கிரேன் டிரைவர்தான் காரணம் என்று எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அது உண்மை இல்லை. உண்மை இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுதிப் பழக்கம் கிடையாது, நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கம் அதைவிடக் கிடையாது. இப்போது எழுதுவதும் யாரும் எதிரே நின்று என் முகத்தைப் பார்க்கவில்லை என்ற தைரியத்தில்தான்.

தூத்துக்குடியில் புது ஹார்பர் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கொட்டி நீளமாகச் சுவர் இழுத்தார்கள். கல்லுக்கு மேலே அலை அடிக்கிற பக்கமாக, ஒரு சின்ன அறை அளவு இருக்கிற சிமெண்ட் பிளாக்குகளை அடுக்கினார்கள். அதைத் தூக்கி வைக்கத்தான் கிரேன்.

என் வீட்டுக்காரர் அதற்கு முன்னால், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற சங்குக் குளிக்குப் போனவர். குளிக்கிறவர் இல்லை, வள்ளத்தில் நின்று கயிறு பிடிக்கிறவர். கீழே குளிக்கிறவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் இவர் இழுக்க வேண்டும். எத்தனை பேர் பேசினாலும், சண்டையே நடந்தாலும், இவர் கண் கயிற்றை விட்டு அகலாது என்று பேர் எடுத்தவர். அந்தப் பேரைக் கேட்டுத்தான் கிரேனுக்குச் சிக்னல் காட்டுகிற வேலை கொடுத்தார்கள்.

கிரேன் டிரைவர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். பிளாக்கு இறங்குகிற இடம் அவருக்குத் தெரியாது. இஞ்சின் சத்தமும் அலைச் சத்தமும் சேர்ந்து, கீழே நின்று கூப்பிட்டாலும் கூண்டுக்குள் காதில் விழாது. அதனால் எல்லாமே கைதான். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. கையை மூடி உயர்த்திப் பிடித்தால் அப்படியே நில். மூடிய கையை அதே ஆள் திறக்கிற வரைக்கும் கல் அந்தரத்தில் நிற்க வேண்டும். அதுதான் சட்டம்.

நான் அங்கே தண்ணீர் கொடுக்கிற வேலைக்குப் போனேன். இடுப்பில் பானையும் கையில் டம்ளருமாகக் கல்லில் ஏறி இறங்குவேன். அந்தச் சுவர் முனையில் என்னைத் தவிரப் பெண் கிடையாது. யாரும் என்னிடம் பேச வேண்டியதில்லை, கையை வாயருகே குவித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருந்தது. நாளாக நாளாக எல்லாச் சைகையும் எனக்கு அத்துபடி ஆகிவிட்டது. வீட்டில் சோறு பரிமாறும்போது என் வீட்டுக்காரர் மூடிய கையை உயர்த்துவார். நான் வேண்டுமென்றே இன்னொரு அகப்பை போடுவேன். “டிரைவரு சிக்னலப் பாக்க மாட்டங்காரு” என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

என் தம்பியையும் அவர்தான் அங்கே சேர்த்துவிட்டார். கீழவைப்பாரில் எங்கள் அம்மாவுடன் இருந்தான். மீன்பாடு இல்லாமல் சும்மா கிடந்தவனை வரச் சொல்லி, தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். தொங்குகிற பிளாக்கு சுற்றாமல் இருக்க அதில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அந்தக் கயிற்றைப் பிடித்து நேராக்குவது அவன் வேலை. வாய்க்காரன். எனக்குச் சேர வேண்டிய பேச்சையும் சேர்த்து அவனே பேசினான் என்று அம்மா சொல்லுவாள்.

டிரைவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். வயல்காட்டு ஆள், திருநீறு பூசிக்கொண்டு வருவார். நாற்பது வயது இருக்கும். எதையும் நிதானமாகத்தான் செய்வார். அந்த நிதானத்தைப் பார்த்தால் என் தம்பிக்குப் பொறுக்காது.

“அண்ணாச்சி, நீங்க தூக்குத கல்லுல காக்கா கூடு கட்டிருச்சி. முட்டை பொரிச்ச பெறவு எறக்குவமா?” என்பான்.

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். “ஏலே, அவசரமா எறங்குன கல்லு ஒன் தலையிலதாம்ல எறங்கும்” என்பார். பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார். அப்படிப்பட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டோமே என்று அன்றைக்குப் பூராவும் அவர் முகம் வாடியிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கோபம் வரும். என் வீட்டுக்காரர் சில நேரம் வெற்றிலை போடவோ ஒதுங்கவோ போகும்போது, “ஏலே, நீ காட்டு” என்று என் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போவார். அவனும் காட்டுவான். நன்றாகத்தான் காட்டுவான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டிரைவர் கீழே இறங்கி வந்து, நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

“அண்ணாச்சி, எனக்கு ஒரு கை போதும். ரெண்டு கை வந்தா நான் எதப் பாக்க? மேல இருந்து பாத்தா மொகம் தெரியாது. கைதான் தெரியும்.”

என் வீட்டுக்காரர் பதில் சொல்லுமுன்னே தம்பி முந்திக்கொண்டான். “அத்தான் கையும் எங்கையும் ஒண்ணுதாம் அண்ணாச்சி. மீன் துண்டு எடுக்கையிலதான் வேற வேற.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். டிரைவர் சிரிக்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் தந்து, “நீயாவது சொல்லு தங்கச்சி” என்றார். நான் குனிந்துகொண்டேன். வீட்டுக்காரர் வேலையைப் பற்றி நான் என்ன சொல்ல?

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மாதா கோவில் மணி அடித்தால், கடலில் இருந்தாலும் கரையில் இருந்தாலும், தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கோவில் இருக்கிற திசையைப் பார்த்து நின்று ஜெபம் சொல்லுவோம். நாங்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான். அந்தச் சுவர் முனையில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். உப்பளங்களுக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னக் கோவில் மணி, கரைப் பக்கமிருந்து கச்சான் காற்று அடித்தால் நன்றாகக் கேட்கும். மணி அடிக்கிற நேரத்தில் கல் தொங்காதபடி என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே டிரைவருக்குக் கை காட்டி நிறுத்திவிடுவார். டிரைவரும் கூண்டுக்குள் இருந்தபடி பீடி பற்றவைத்துக்கொண்டு, ஜெபம் முடிகிறவரை எங்களைப் பார்க்காமல் கடலைப் பார்ப்பார். அது ஒரு மரியாதை.

அன்றைக்கு லாரி தாமதமாக வந்தது. மேஸ்திரி வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் அந்த ஒரு பிளாக்கை வைத்துவிட வேண்டும் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். கச்சான் பலமாக அடித்தது. பிளாக்கு மேலே ஏறி, திரும்பி, வைக்க வேண்டிய இடத்துக்கு நேராக வந்து, ஓர் ஆள் உயரத்தில் தொங்கும்போது மணி அடித்தது.

என் வீட்டுக்காரர் கையை மூடி உயர்த்தினார். கல் நின்றது. டிரைவர் தலையை அசைத்ததும், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோவில் பக்கம் திரும்பினார். கிரேனுக்கு முதுகு. எங்கள் ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பித் தலையைக் கவிழ்த்தார்கள். கல்லை நிறுத்தியாகிவிட்டது, மூடிய கை தான் திரும்பி வந்து திறக்கிற வரைக்கும் மூடியதுதான் என்று அவர் நம்பினார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். ஜெபத்தை விடுவது பாவம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். தொங்குகிற கல்லுக்கு முதுகு காட்டுவதும் பாவம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தந்ததில்லை.

நான் அப்போதுதான் நிறைந்த பானையோடு கல்லில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதையில் கால் வைக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும், கண்ணை மூட முடியாது. சிலுவை போடக் கை ஒழியவில்லை. அதனால்தான் நான் பார்த்தேன்.

தம்பி ஜெபம் சொல்லவில்லை. காற்று பிளாக்கைத் தள்ளத் தள்ள, அவன் இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தான். உள்ளங்கை எரிந்திருக்கும். அத்தான் முதுகைப் பார்த்தான். என்னையும் பார்த்தான் என்று நினைக்கிறேன். பிறகு ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்து, விரலைக் கீழே நீட்டிச் சுற்றினான். இறக்கு.

எனக்கு அந்தச் சைகை தெரியும். கூப்பிட்டிருக்கலாம். எல்லாரும் ஜெபம் சொல்கிற நேரத்தில், அத்தனை ஆண்கள் நடுவில், ஒரு பெண் எப்படிக் கத்துவது என்று யோசித்தேனா, இல்லை யோசிக்கவே நேரம் இல்லையா, எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வருஷமாக நினைத்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. ஒரு மரியே வாழ்க ஜெபம் சொல்லுகிற நேரம் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

கல் இறங்கியது. ஒரு கையில் பிடித்த கயிறு போதவில்லை. காற்று பிளாக்கைத் திருப்பிவிட்டது. அவன் பின்னால் ஒதுங்கினான். பின்னால் ஏற்கெனவே வைத்த பிளாக்கு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவன் நின்றான்.

என் கையிலிருந்து பானை விழுந்த சத்தம் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் திரும்பினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. கீழவைப்பாரிலிருந்து அம்மா வந்தாள். பெட்டிக்குள் அவன் முகத்தைத் தடவிக்கொண்டே, “எம் பிள்ளைய எறக்குன கையி அழுவிப் போவணும்” என்று டிரைவரைச் சபித்தாள். ஊர்ப் பெண்கள் ஆமென் சொல்லுகிற மாதிரி அழுதார்கள். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எறக்குன கை பெட்டிக்குள்தான், அவன் நெஞ்சின்மேல் ஜெபமாலை சுற்றி இருந்தது.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் விசாரணை. தகரக் கொட்டகையில் ஆபீஸ். மேசைக்குப் பின்னால் எஞ்சினியர், வெளியூர்க்காரர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான் வாசல் ஓரத்தில் நின்றேன்.

“நீ என்ன சிக்னல் கொடுத்தே?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

“கையை மூடிக் காட்டினேன் சார்.”

“அப்புறம்?”

“மூடின கைய நான் தொறக்கவேயில்ல சார். சத்தியமா தொறக்கல.”

அவர் சொன்னது பொய் இல்லை. திரும்பி நின்றதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மற்ற ஆட்களும் அதையே சொன்னார்கள். எல்லாரும் கண்ணை மூடி நின்றவர்கள். மூடிய கையைப் பார்த்தார்கள், பிறகு கல் இறங்கிக் கிடந்ததைப் பார்த்தார்கள். நடுவில் எதையும் பார்க்கவில்லை.

டிரைவரைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கை காட்டிச்சி சார். எறக்கினேன்.”

“யார் கை?”

அவர் தலையை நிமிர்த்தினார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு திரும்பி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

“மேல இருந்து பாத்தா மொகம் தெரியாது சார். கைதான் தெரியும்.”

எஞ்சினியர் என்னையும் கூப்பிட்டார். “நீ அங்கதான் இருந்தியாம். என்னம்மா பாத்தே?”

தம்பி தானே காட்டினான் என்று சொன்னால், ஏன் காட்டினான் என்று கேட்பார்கள். சிக்னல்காரர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி என் வீட்டுக்காரர் காதில் விழும். தான் முதுகைத் திருப்பியதால்தான் மச்சினன் செத்தான் என்று தெரிந்துகொண்டு அவர் எப்படி உயிரோடு இருப்பார்? சங்குக் குளியில் கயிற்றை விட்டுக் கண்ணை எடுக்காதவர் என்று பேர் வாங்கிய மனுஷன்.

“நான் தண்ணி கொண்டு வந்தேன். பாக்கல” என்றேன்.

டிரைவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போகும்போது கொட்டகைக்கு வெளியே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். லாரியில் ஏறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் ஹார்பர் வேலைக்குப் போகவில்லை. மறுபடியும் வள்ளத்துக்கே போனார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் டிரைவரைத் திட்டுவார். “மூடின கைய மதிக்காதவன். பீடியில கண்ணு வச்சிருப்பான். கொலகாரப் பய.” பிறகு என்னைப் பார்ப்பார். “ஏளா, நீ அங்கனதான வந்துகிட்டு இருந்த. நெசமாவே ஒண்ணும் பாக்கலியா?”

“பாக்கல.”

எத்தனை தடவை கேட்டாரோ, அத்தனை தடவை அதையே சொன்னேன்.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாருக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கம்பி ஜன்னல் எனக்குப் பிடிக்கும், முகம் தெரியாது. எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். அவர், “ஒருத்தனுடைய பேரைக் கெடுத்தால் மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது மகளே. கெடுத்த பேரைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அது வரைக்கும் இந்தப் பாவம் உன்னோடுதான் இருக்கும்” என்றார்.

ஒரு சனிக்கிழமை, நாசரேத்தில் இருக்கிற உறவுக்காரி வீட்டுக்கு என்று பொய் சொல்லிவிட்டு, ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறினேன். தனியாக நான் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. கண்டக்டரிடம் ஊர்ப்பேரைச் சொல்லவே எனக்கு வேர்த்துவிட்டது. கோவிலுக்குப் பின்தெருவில், கிரேன் ஓட்டினவர் வீடு எது என்று ஒரு பூக்காரியிடம் கேட்டேன். “ஆளக் கொன்னாருன்னு சொல்லுதாவளே, அவரு வீடா?” என்று கேட்டுவிட்டுக் கையைக் காட்டினாள்.

அவர் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். யார் வயலிலோ கூலிக்குப் போகிறார் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, நான் யார் என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள்.

“என்ன தங்கச்சி?”

நின்றபடியே சொன்னேன். நான் பார்த்தேன், தம்பிதான் கை காட்டினான், என் வீட்டுக்காரர் திரும்பி நின்றார், உங்கள் மேல் தப்பு இல்லை. வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“இது எனக்குத் தெரியாதா? எறக்குன்னு காட்டுனது ஒந்தம்பி கைன்னு மேல இருந்தே எனக்குத் தெரியும். தொங்குத கல்ல காத்து ஆட்டுது, அவன் காட்டுதான், எத்தனையோ நாளு காட்டுன கைதான்னு எறக்கிட்டேன். எறக்கியிருக்கக் கூடாது. மூடுன கைய மூடுனவருதான் தொறக்கணும். அது என் தப்பு, நான் மறுக்கல. ஆனா பீடி குடிச்சிக்கிட்டு நானாக் கல்லப் போட்டேன்னு எழுதியிருக்காவ.”

“நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“செத்துக் கிடக்குத பையன் மேல நான் எப்படிம்மா சொல்ல? உசுரோட இருக்குத நீங்க ரெண்டு பேரு இருந்திய. ஒருத்தராவது வாயத் தொறப்பியன்னு பாத்துக்கிட்டே நின்னேன்.” மண்வெட்டியை மறுபடியும் கையில் எடுத்தார். “எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோசனம்? இத அங்கன போயில்லா சொல்லணும்.”

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஹார்பர் ஆபீஸ் வாசலுக்குப் போனேன். பத்து மணியிலிருந்து வேலியோரம் நின்றேன். ஆட்கள் போனார்கள், வந்தார்கள். கடைசியில் வாட்ச்மேன், “என்ன வேணும்மா? யாரப் பாக்கணும்?” என்று கேட்டார். எஞ்சினியர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “ஒண்ணுமில்ல” என்றுதான் வந்தது. திரும்பிவிட்டேன். அதற்கு மேல் ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் என் வீட்டுக்காரர் மறுபடியும் டிரைவரைத் திட்ட ஆரம்பித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. குசினி வாசலில் நின்றுகொண்டு, “அவரத் திட்டாதிய. அவரு மேல தப்பு இல்ல. நான் பாத்தேன்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையில் இருந்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “என்னத்தப் பாத்த?”

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஏளா, என்னத்தப் பாத்த? நான் திரும்பி நின்னேம்லா, அதுலயா?” குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக அந்தக் கேள்வியை உள்ளே வைத்துக்கொண்டுதான் அவர் டிரைவரைத் திட்டியிருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

“காத்து” என்றேன். “காத்துதான் கல்லத் தள்ளிச்சி. யாரு மேலயும் தப்பு இல்ல.”

அவர் அழுதார். என் தம்பி செத்தபோதுகூட அவர் அப்படி அழவில்லை. அதற்கப்புறம் டிரைவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயில் வரவில்லை. நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்து, வெள்ளைச் சட்டையை எடுத்துத் துவைத்துப் போடச் சொன்னார்.

“எங்கன போறிய?”

“சீவைகுண்டத்துக்கு. அந்த மனுசன நான் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன். நேர்ல பாத்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கணும்லா.”

இவர் போனால் டிரைவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அவர் சொல்லாவிட்டாலும் அந்த வீட்டு அம்மா சொல்லிவிடுவாள். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“அவரு அங்கன இல்ல. பம்பாய்க்குப் போயிட்டாராம். மீன் ஏலத்துல பேசிக்கிட்டாவ” என்றேன்.

“குடும்பத்தோடயா?”

“குடும்பத்தோட.”

அவர் நம்பினார். பாவசங்கீர்த்தனத்துக்கு நான் அதற்குப் பிறகு போகவில்லை. பூசையில் எல்லாரும் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது நான் மட்டும் இருந்த இடத்தில் முழங்காலில் இருப்பேன். என் வெட்கம் என்று எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். எப்போதாவது, “அந்த டிரைவரு பம்பாயில நல்லா இருப்பாருலா?” என்று கேட்பார். நல்லா இருப்பாரு என்பேன்.

அவர் பம்பாய்க்கெல்லாம் போகவில்லை. ஸ்ரீவைகுண்டத்திலேயேதான் இருந்தார், ஒரு பஸ் தூரத்தில்.